பெயர்ப்பலகையில் நிற்கும் தமிழ் – தைப்பிங்கில் ஒரு நாள்



நம் நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. இந்த ஒரு வரியை நம்மில் பலர் பள்ளியில் மனனம் செய்திருக்கிறோம். நம் மாணவர்களையும் மனனம் செய்ய வைத்திருக்கிறோம். தேர்வில் ஒரு புள்ளி கிடைக்கும். அதோடு அந்த வரியின் வேலை முடிந்துவிடும்.

ஆனால், அந்த வரிக்குள் ஒரு நகரம் இருக்கிறது. ஒரு போர் இருக்கிறது. சேற்றில் இறங்கி மண்ணைக் கொட்டிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாகவே இருந்தது. பள்ளிக்குச் சிறப்பு விடுமுறை ஒரு நாள் கிடைத்தது. வீட்டில் மற்றவர்களுக்கு வேலையும் வகுப்பும் இருந்தன. எனவே தனியாகவே புறப்பட்டேன். கையில் ஒரு குடை, ஒரு குறிப்பேடு, ஒரு புட்டித் தண்ணீர். குடை எதற்கென்று தைப்பிங்கை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

தொடர்வண்டியிலேயே தொடங்கும் பாடம்

ஈப்போவிலிருந்து மின் தொடர்வண்டியில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தைப்பிங்கை அடைந்துவிடலாம். பாடாங் ரெங்காசைத் தாண்டியதும் வண்டி புக்கிட் பெராப்பிட் மலைக்குள் நுழைகிறது. 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைச் சுரங்கம் அது. சன்னல் ஓரம் இருட்டாகிறது. பயணிகள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள் மீண்டும் வெளிச்சம் வந்துவிடுகிறது.

இவ்வளவு எளிதாகக் கடக்கும் இந்த மலையும் காடும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்று இங்கே துளையிடும் பெரும் இயந்திரங்கள் இல்லை. கொசுக்கடியால்தான் மலேரியாக் காய்ச்சல் பரவுகிறது என்பதைக்கூட யாரும் அறிந்திருக்கவில்லை. அந்த உண்மையை இந்தியாவில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் நிறுவியது 1897-இல்தான். நம் முதல் இருப்புப்பாதை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தது. நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலேயே மனிதர்கள் சதுப்பில் நின்று வேலை செய்த காலம் அது.

கிளியான் பாவ் தைப்பிங் ஆன கதை

தைப்பிங்கின் பழைய பெயர் கிளியான் பாவ். லாருட் வட்டாரத்தில் ஈயம் இருப்பது எப்படித் தெரிய வந்தது என்பதற்கு மக்கள் ஒரு கதை சொல்வார்கள். லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவரிடம் லாருட் என்ற பெயருடைய யானை ஒன்று இருந்ததாம். அது காட்டுக்குள் காணாமல்போய்ச் சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, அதன் கால்களில் ஒட்டியிருந்த சேற்றில் ஈய மணல் இருந்ததாம். யானைக் கதை மெய்யோ பொய்யோ, 1840-களில் லோங் ஜாபார் இங்கே ஈயச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியதும், சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்ததும் வரலாறு.

ஈயம் செல்வத்தைக் கொண்டு வந்தது. கூடவே சண்டையையும் கொண்டு வந்தது. ஹை சான், கீ ஹின் என்ற இரு சீனக் குழுக்கள் சுரங்க நிலத்திற்கும் நீருக்கும் மோதிக்கொண்டன. 1861 முதல் 1874 வரை விட்டுவிட்டு நடந்த அந்த மோதல்களை லாருட் போர்கள் என்கிறோம். இதனோடு பேராக் அரியணைப் போட்டியும் சேர்ந்துகொண்டது. இறுதியில் 1874 சனவரி 20-ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. இராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஒருவர் பேராக்கிற்குள் வந்தார். சண்டையிட்ட குழுக்களுக்கு இடம் பிரிக்கப்பட்டது. கிளியான் பாவ் ஹை சானுக்கு. இன்று கமுந்திங் என்று நாம் அழைக்கும் கிளியான் பாரு கீ ஹின்னுக்கு.

அதன் பிறகுதான் கிளியான் பாவிற்குத் தைப்பிங் என்ற சீனப் பெயர் வந்தது. ‘பேரமைதி’ என்பது அதன் பொருள். அமைதியாக இருந்த ஊருக்கு யாரும் அமைதி என்று பெயர் வைக்கமாட்டார்கள்; அமைதிக்காக ஏங்கிய ஊருக்குத்தான் அப்பெயரை வைப்பார்கள். ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தாலே பாதி வரலாறு கிடைத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறென்ன வேண்டும்?

1876 முதல் 1937 வரை பேராக்கின் தலைநகராக விளங்கியது இந்த ஊர்தான். தலைநகரம் ஈப்போவிற்கு மாறிய பின் தைப்பிங் மெல்ல ஓய்வெடுக்கத் தொடங்கியது. அந்த ஓய்வே இன்று அதன் பழைய கட்டடங்களுக்குக் காவலாக அமைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வளர்ச்சி வேகமாக வந்திருந்தால் பல கடைவீடுகளை இடித்திருப்பார்கள். காலையில் நடந்து போனபோது மணிக்கூண்டும், அகன்ற நேரான தெருக்களும், 1879-இல் கட்டப்பட்ட சிறைச்சாலையும், அதன் அருகே 1883-இல் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகமும் ஒரு நூலின் அடுத்தடுத்த பக்கங்களைப் போல வந்தன. மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

காயம் பூங்காவானது

ஊரின் கிழக்கே ஏரிப்பூங்கா. நீரை நோக்கிக் கிளைகளைத் தாழ்த்தி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் படத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. இந்த ஏரிகள் இயற்கை ஏரிகள் அல்ல. ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள். 1880-களில் அவற்றைச் சீர்படுத்திப் பூங்காவாக்கினார்கள். தோண்டிய இடத்தை அப்படியே விட்டிருந்தால் அது ஊரின் காயமாக இருந்திருக்கும். மரம் நட்டார்கள், காயம் ஆறியது. சுற்றுச்சூழல் பற்றி அறிவியல் பாடத்தில் எத்தனையோ படங்களைக் காட்டுகிறோம். பிள்ளைகளை இங்கே அழைத்து வந்து, “இது ஒரு காலத்தில் வெறும் பள்ளம்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதுமே!

பூங்காவைத் தாண்டி, புக்கிட் லாருட் மலைக்குச் செல்லும் சாலையில் போர் நினைவுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் உயிரிழந்த 850-க்கும் மேற்பட்டவர்களின் நினைவிடம் அது. சாலையின் ஒருபுறம் கிறித்துவ வீரர்களின் கல்லறைகள். மறுபுறம் இந்திய இராணுவத்தைச் சேர்ந்த இந்து, முஸ்லிம் வீரர்களின் கல்லறைகள். இவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் யாரென்று அடையாளம் காணப்படாதவர்கள். வரிசை வரிசையாகக் கற்கள். புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. ஆனால் பல கற்களில் பெயர் இல்லை.

நான் அங்கே சற்று நேரம் நின்றேன். பெயர் தெரியாதவனுக்கும் ஒரு கல் நட்டு, அதைப் பேணி வருகிறார்களே என்ற எண்ணம்தான் மனத்தில் ஓடியது. பெயர் தெரியவில்லை என்பதற்காக அவர்களை இல்லாதவர்களாக ஆக்கிவிடவில்லை. இந்த எண்ணம் அன்று மாலைவரை என்னுடனேயே வந்தது.

மாத்தாங் – ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய கோட்டை

நண்பகலுக்கு முன்பே வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு மேற்கே மாத்தாங்கிற்குச் சென்றேன். அங்கே இருப்பது ஙா இப்ராகிம் கோட்டை. லோங் ஜாபாரின் மகனான இவர், தந்தைக்குப் பின் லாருட்டை ஆண்டவர்; ஈய வருமானத்தால் பேராக்கிலேயே பெருஞ்செல்வராகத் திகழ்ந்தவர். 1875 நவம்பரில் ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் மகாராஜா லேலா 1877 சனவரியில் தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லாவும் ஙா இப்ராகிமும் இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஙா இப்ராகிம் சொந்த மண்ணுக்குத் திரும்பாமலேயே 1895-இல் சிங்கப்பூரில் காலமானார். அவருடைய உடல் எச்சங்கள் 2006-ஆம் ஆண்டில்தான் கோலா கங்சாருக்குக் கொண்டுவரப்பட்டன. நூற்றுப் பதினோரு ஆண்டுகள் கழித்து ஒருவர் வீடு திரும்பியிருக்கிறார்!

ஆசிரியர்களாகிய நமக்கு இந்தக் கோட்டையில் இன்னொரு செய்தி இருக்கிறது. 1913 முதல் 1922 வரை இங்கே மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இயங்கியது. 1922-இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது இது அதனோடு இணைந்தது. அக்கல்லூரியே வளர்ந்து இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆயிற்று. நான் பயிற்சி பெற்றது வேறு கல்லூரியில். இருந்தாலும் பாடத்திட்டம் எழுதுவது, கரும்பலகையில் நேராக எழுதிப் பழகுவது, பயிற்றுப்பணியின் முதல் நாளில் தொண்டை வறண்டுபோவது ஆகியவையெல்லாம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுதானே! போருக்காகக் கட்டிய சுவர்களுக்குள் ஆசிரியர்கள் உருவானார்கள் என்பது என் மனத்திற்கு நிறைவாக இருந்தது.

நான்கு எழுத்துகளில் ஒரு பலகை

மாத்தாங்கிலிருந்து கடலை நோக்கிச் சென்றால் கோலா செபெத்தாங். இதுதான் பழைய போர்ட் வெல்ட். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் பிரடெரிக் வெல்டின் பெயரைத் தாங்கிய துறைமுகம். இன்று இது மீனவர் ஊர். இதைச் சூழ்ந்திருப்பது ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திட்டமிட்டுப் பேணப்படும் காடு இது. ஒரு பகுதியில் மரத்தை வெட்டினால் மீண்டும் அங்கே வெட்ட முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த மரத்தைச் சூளையில் இட்டுக் கரியாக்குகிறார்கள்.

ஊரின் நடுவே, கோப்பிக்கடைக்கு முன்னால், நான் தேடி வந்தது நின்றுகொண்டிருந்தது. பழைய தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகை. தண்டவாளம் இல்லை, நிலையக் கட்டடம் இல்லை, வண்டியும் இல்லை. பலகை மட்டும் நிற்கிறது. அதில் ‘போர்ட் வெல்ட்’ என்ற பெயர் நான்கு எழுத்துகளில் இருக்கிறது: உரோமன், ஜாவி, சீனம், தமிழ்.

நம் தமிழ்!

உணர்ச்சிவயப்பட்டுப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அந்தப் பலகையை ஒரு வரலாற்றுச் சான்றாகவே பாருங்கள். தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகை அழகுக்காக வைக்கப்படுவதில்லை. இறங்க வேண்டிய ஊரைப் பயணி படித்து அறியவே வைக்கப்படுகிறது. அதில் தமிழ் இருக்கிறது என்றால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வண்டியில் வந்திருக்கிறார்கள் என்று பொருள். அருகிலுள்ள கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் வந்த இரப்பர்த் தோட்டங்களிலும், இருப்புப்பாதைப் பணியிலும் தமிழர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினார்கள்.

அதற்கும் முன்னால், அந்தப் பாதையை அமைத்தவர்கள் யார்? இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையின் இரு பிரிவினர். இலங்கையில் காட்டை அழித்துச் சாலை போட்டுப் பழகியவர்கள். தென்னிந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட தமிழர்கள் அப்படையில் பெருமளவில் இருந்தனர். தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகம் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஒரு முனையில் தோண்டிய ஈய நிலம். மறுமுனையில் காலை வைத்தால் உள்வாங்கும் சதுப்பு. அதில் மண்ணைக் கொட்டி, மேடாக்கி, கட்டையைப் பரப்பித் தண்டவாளம் போட்டார்கள். அதன் பிறகு யானையும் மாட்டுவண்டியும் சுமந்த ஈயத்தைத் தொடர்வண்டி சுமந்தது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைக்கும் பாதை வந்தது. 1909-இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை ஒரே பாதையாயிற்று. எல்லாவற்றிற்கும் முதற்கோடு இந்தப் 13 கிலோமீட்டர்தான்.

துறைமுகத்திற்குப் பெயர் தந்த ஆளுநரை நமக்குத் தெரியும். சேற்றில் நின்றவர்களின் பெயர்களைப் பாடநூல் சொல்வதில்லை. காலையில் பார்த்த கல்லறைகள் நினைவுக்கு வந்தன. பெயர் தெரியாத போர்வீரனுக்குக் கல் இருக்கிறது. பெயர் தெரியாத உழைப்பாளிக்கு? இந்தப் பலகையைத்தான் நான் அவர்களின் கல்லாக எடுத்துக்கொண்டேன்.

மாலை மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் வட்டாரமாயிற்றே! கோப்பிக்கடையில் அமர்ந்து ஒரு கோப்பி குடித்தபடியே குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதினேன். கடைக்காரப் பெரியவர் மலாய் மொழியில், “பலகையைப் பார்க்க வந்தீர்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அதில் உங்கள் மொழியும் இருக்கிறது” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது?

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். நம் வரலாற்றைப் பேசும்போது இரண்டு பக்கமும் வழுக்கும். ஒரு பக்கம், “நமக்கு இதில் என்ன பங்கு?” என்று ஒதுங்கிக்கொள்வது. மறுபக்கம், “எல்லாவற்றையும் நாமே செய்தோம்” என்று மார்தட்டுவது. இரண்டும் பிள்ளைக்குத் தீங்கு. ஈயத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் சீனர். நிலத்தின் தலைவர்கள் மலாய்க்காரர். காவல் படைக்குக் கேப்டன் ஸ்பீடி 1873-இல் திரட்டி வந்தவர்கள் வட இந்திய வீரர்கள். பாதை போட வந்தவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். அந்தப் பலகையில் நான்கு எழுத்துகளும் ஒரே அளவு உரிமையோடு நிற்கின்றன. மற்ற மூன்றையும் மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் காட்டினால் பலகை பொய் சொல்லத் தொடங்கிவிடும். தமிழை மறைத்தாலும் அப்படியே.

தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப் பாடமாக 2014 முதல் கற்பிக்கப்பட்டு வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆண்டுகளைவிட மனிதர்கள்தாம் எளிதில் புரிவார்கள். நான் வகுப்பில் செய்யலாம் என்று எண்ணியிருக்கும் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்:

1. பள்ளியிலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் இடத்தை மாணவர்கள் வரைபடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். “அதுவரை மண்வெட்டியாலும் கூடையாலும் பாதை போடச் சொன்னால்?” என்று கேட்க வேண்டும். தொலைவு அப்போதுதான் உடம்புக்குப் புரியும்.

2. தங்கள் ஊரில் உள்ள பழைய பெயர்ப்பலகை, கோயில் கல்வெட்டு, கல்லறை எழுத்து ஏதேனும் ஒன்றைப் பார்த்து எழுதி வர வேண்டும். எந்தெந்த மொழிகள் உள்ளன, யாருக்காக எழுதப்பட்டது என்று பேச வேண்டும்.

3. தாங்கள் வாழும் ஊரின் பெயர் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும். யானைக் கதை கிடைத்தாலும் சரி. எது கதை, எது சான்று என்று பிரித்துப் பார்ப்பதும் பாடமே.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பிங்கிற்குப் போகிறவர்கள் ஏரிப்பூங்காவிலும் விலங்குத் தோட்டத்திலும் நின்றுவிடாமல், இன்னும் அரைமணி நேரம் மேற்கே காரைச் செலுத்துங்கள். அந்தப் பலகையின் முன் பிள்ளையை நிறுத்தி, தமிழை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அதைவிட முதன்மையான ஒன்று. பயனியர் படையினரின் பெயர்களை நாம் இனி வகுப்பில் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால், 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர்களைப் பற்றிச் சொல்ல இன்னும் சில வீடுகளில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் வேலை செய்தார்கள், யாரோடு வந்தார்கள்? ஒரு பக்கம் போதும். பிள்ளை கேட்க, தாத்தாவோ பாட்டியோ சொல்ல, பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் நாம் திருத்திக்கொள்ளலாம். கேட்காமல் விட்ட கேள்வியைப் பிறகு திருத்த வழியில்லை.

இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அதைத் தொடங்குங்கள். அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.